மல்யுத்த வீரர் சொன்னால் நம்பலாமா?

(நம் குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நம் சந்திப்புகளில் இதுவரை மாடித்தோட்டம், உயில் எழுதுவது, முழங்கால் வலி என்று உருப்படியான விஷயங்களைப் பேசியிருக்கிறோம். இன்று மல்யுத்தம். முகம் சுளிக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது பள்ளிக்கூடப் பையில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு வைத்திருந்தவர்கள்தான். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று எண்களைச் சொல்லி எதிராளியின் சீட்டைப் பிடுங்கிய ஞாபகம் இருக்கும். சீட்டில் அச்சடித்திருந்த எடை உண்மையா என்று அன்று நாம் யாரும் கேட்கவில்லை. இன்று அதைத்தான் கேட்கப் போகிறோம்.

அந்தச் சீட்டில் இருந்தவர்களில் பலருக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ரிங்கை விட்டு இறங்கிவிட்டார்கள். ஆனால் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் முன்னாள் மல்யுத்த வீரர்கள் நடத்தும், அல்லது விருந்தினராக வரும் பாட்காஸ்ட்டுகள் ஏராளம். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஒலிக்கும் பேட்டிகள். யார் யாரை ஏமாற்றினார், யார் யாரை உண்மையாகவே அடித்தார், எந்த முதலாளி யார் சம்பளத்தைப் பிடித்தார் என்று கதைகள் வந்துகொண்டே இருக்கும். அதில் முப்பது வினாடியை வெட்டி எடுத்து யாரோ போட, உங்கள் வீட்டுப் பிள்ளை அதைக் கொண்டுவந்து, "அப்பா, இது நிஜமா?" என்று கேட்கிறான்.

நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "அங்கேயே இருந்தவர் சொல்கிறார், அப்புறம் என்ன?" இன்னொன்று, "சண்டையே செட்டப், பேட்டி மட்டும் நிஜமாகவா இருக்கும்?" இரண்டுமே சுலபமான பதில்கள். இரண்டுமே நாம் யோசிக்க வேண்டிய வேலையை மிச்சப்படுத்துகின்றன. இரண்டும் போதாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் அந்தத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தம் திருவிழாக் கூடாரங்களில் வளர்ந்த ஆட்டம். அதில் 'கேஃபேப்' என்று ஒரு சொல் உண்டு. ஆட்டத்தின் முடிவு முன்பே பேசிவைத்தது என்பதை வெளியாளிடம் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற கட்டுப்பாடு அது. நல்லவனாக நடிப்பவரும் கெட்டவனாக நடிப்பவரும் ஒரே காரில் போகக் கூடாது. ஒரே ஓட்டலில் சாப்பிடக் கூடாது. 1987 மே மாதம் நியூ ஜெர்சியில் ஜிம் டக்கன், அயர்ன் ஷேக் என்ற இரண்டு வீரர்கள் போதைப்பொருள் வைத்திருந்ததற்காகக் கைதானார்கள். இருவருக்கும் வேலை போனது. ஆனால் தொழிலுக்குள் பெரிய சங்கடம் போதைப்பொருள் மட்டுமல்ல. டி.வி.யில் ஜென்மப் பகைவர்களாக இருந்த இருவரும் ஒரே காரில் போனது பத்திரிகையில் வந்துவிட்டது!

இரண்டு வருடம் கழித்து, 1989-ல், அதே நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தின் முன்னால் நிறுவனமே, "எங்களுடையது போட்டி அல்ல, பொழுதுபோக்கு" என்று ஒப்புக்கொண்டது. மனசாட்சி உறுத்தியதால் அல்ல. விளையாட்டு என்றால் மாநில ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் உண்டு. பொழுதுபோக்கு என்றால் அவை இல்லை. உண்மை வெளியே வந்ததற்கும் ஒரு கணக்கு இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஆக, பேட்டி கொடுக்கும் இந்த மனிதர்களுக்கு இருபது முப்பது வருடம் பொய்யைக் காப்பாற்றுவதுதான் தொழில் தர்மமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. இந்த வீரர்களை நிறுவனம் ஊழியர்களாக வைத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருந்தது. நம் ஊர் அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் மாதிரி எதுவும் கிடையாது. இடுப்பும் முழங்காலும் போன பிறகு விற்பதற்கு அவர்களிடம் மிச்சம் இருப்பது கதை. ஒருவிதத்தில் கதைதான் பென்ஷன். சுவையான கதை நாலு பேட்டிக்கு அழைப்பு வாங்கித் தரும். சப்பென்ற உண்மை வாங்கித் தராது. இதைச் சொல்லி அவர்களைக் குறைத்துப் பேசவில்லை. கடைக்காரர் தராசில் கை வைக்கக் கூடும் என்று தெரிந்தால், நாம் கொஞ்சம் கவனமாக முள்ளைப் பார்ப்போம் இல்லையா, அவ்வளவுதான்.

இப்போது நமக்கெல்லாம் தெரிந்த ஹல்க் ஹோகனை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் காலமானார். ஒரு தலைமுறைக்கே மல்யுத்தம் என்றால் அவர் முகம்தான். அவர் ஒரு பேட்டியில் சொன்ன கணக்கு பிரசித்தம்: வருடத்தில் 400 நாள் சண்டை போட்டாராம். வருடத்துக்கு 365 நாள்தானே என்றால், ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் போய் வந்ததில் நாள் கூடிவிட்டது என்று விளக்கம். நம் பிள்ளைகளே இதைச் சரிபார்க்கலாம். பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டி ஜப்பான் போகும்போது ஒரு நாள் போகிறது. திரும்பும்போது அந்த ஒரு நாள் வருகிறது. போய் வந்தால் மிச்சம் பூஜ்யம்.

அவருடைய புகழ்பெற்ற சண்டை 1987 மார்ச் 29-ல் மிச்சிகன் மாநிலத்தில் பாண்டியாக் சில்வர்டோம் அரங்கில் நடந்தது. எதிராளி ஆந்த்ரே தி ஜெயன்ட். ஆந்த்ரேயை யாரும் தூக்கி எறிந்ததே இல்லை, இவர்தான் முதலில் எறிந்தார் என்று விளம்பரம். ஆனால் 1980-ல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டவர் யார் தெரியுமா? இதே ஹோகன்தான். அரங்கில் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். பல ஆண்டுகளாக இந்தத் தொழிலைப் பற்றிச் செய்திமடல் நடத்தும் டேவ் மெல்ட்சர் என்ற பத்திரிகையாளர் சுமார் 78,000 என்கிறார். ஆந்த்ரேயின் எடை அன்று 520 பவுண்டு, அதாவது சுமார் 236 கிலோ என்று அறிவித்தார்கள். அதுவே விளம்பர எண். ஹோகன் பின்னாளில் சொல்லச் சொல்ல அது 600 பவுண்டைத் தாண்டிப் போனது. ஆந்த்ரே 1993-ல் இறந்துவிட்டார். இறந்தவர் எடை கூடிக்கொண்டே போவது கதைகளில் மட்டும்தான் நடக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற ரகம். ஆந்த்ரே ஒரே இரவில் நூற்றுக்கும் மேல் பீர் குடித்தார் என்பார்கள். ஒருவர் சொல்லும் எண் இன்னொருவர் எண்ணோடு ஒத்துப்போகாது. யாருக்கும் நஷ்டம் இல்லை. நம் தாத்தாக்கள் கிணற்றைத் தாண்டிய கதை மாதிரி கேட்டு ரசிக்கலாம்.

ஆனால் எல்லாத் தவறான கதையும் பொய் அல்ல. இதையும் சொல்லியாக வேண்டும். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியல் பேராசிரியர் மாணவர்களிடம், "அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள்?" என்று எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். பலர் சொன்னது முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் சொன்ன தொனியில் துளி சந்தேகம் இல்லை. அவர்கள் யாரும் ரீல் விடவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் ஞாபகம்.

பள்ளிப் படிப்பு முடித்து வந்த பிள்ளைகளுக்கே இரண்டரை வருடத்தில் இந்த நிலை. தலையில் அடி வாங்குவதையே தொழிலாகக் கொண்டு, வருடம் முழுவதும் ஊர் ஊராகச் சுற்றி, ஒரே மாதிரியான அரங்குகளில் ஆயிரக்கணக்கான இரவுகளைக் கழித்த ஒருவர், முப்பது வருடம் கழித்துச் சொல்வதில் ஊரும் தேதியும் மாறுவதில் ஆச்சரியம் என்ன? குரலில் இருக்கும் உறுதியை வைத்து உண்மையை அளக்கக் கூடாது என்பதுதான் இதிலிருந்து நமக்குக் கிடைப்பது.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒரு வீரர் உண்டு. கனடாவைச் சேர்ந்த பிரெட் ஹார்ட். பயணம் செய்த காலத்திலேயே டேப் ரெக்கார்டரில் தன் நாட்குறிப்பைப் பேசிப் பதிவு செய்துவந்தார். 2007-ல் வந்த அவருடைய சுயசரிதைக்கு அந்த ஒலிநாடாக்கள்தான் ஆதாரம். அதற்காக அவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று அர்த்தமில்லை. அவர் பக்கத்துக் கதைதான் அது. ஆனால் அன்றைக்கே சொன்ன ஒருபக்கக் கதைக்கும் முப்பது வருடம் கழித்துச் சொல்லும் ஒருபக்கக் கதைக்கும் வித்தியாசம் உண்டு.

அந்த பிரெட் ஹார்ட்டுக்கு நடந்ததுதான் பாட்காஸ்ட்டுகள் இன்றுவரை அலசி ஓயாத சம்பவம். 1997 நவம்பர் 9, மாண்ட்ரியால். அவர் அப்போது சாம்பியன்; எதிர் நிறுவனத்துக்குப் போவதாக முடிவாகிவிட்டது. சொந்த நாட்டில், ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்றார். சண்டை வேறு மாதிரி முடியும் என்று முதலாளி வின்ஸ் மெக்மஹோன் வாக்குக் கொடுத்தார். ஆனால் பிரெட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே மணியை அடிக்கச் சொல்லி, மைக்கேல்ஸ் ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள். பேசிவைத்த ஆட்டத்துக்குள்ளே பேசிவைக்காத துரோகம்.

பேச்சு மாறுவதைப் பாருங்கள். மைக்கேல்ஸ் அன்றிரவு உடைமாற்றும் அறையில், "எனக்கு எதுவும் தெரியாது" என்று பிரெட்டிடம் சாதித்தார். வருடங்கள் கழித்து, தனக்கு முன்பே தெரியும் என்று ஒப்புக்கொண்டார். 2005-ல் வந்த தன் சுயசரிதையிலும் எழுதினார். அந்த யோசனையைக் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு, அப்போது நிறுவனத்தில் இருந்த ஜிம் கார்னெட், வின்ஸ் ருஸ்ஸோ என்ற இரண்டு பேர், "நான்தான்" "நான்தான்" என்று தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள். துரோகமாக இருந்தவரை யாருக்கும் தெரியாது. வரலாறாக ஆனதும் பங்குதாரர்கள் முளைத்துவிட்டார்கள். பழமொழி ஒன்று உண்டே, வெற்றிக்கு ஆயிரம் அப்பன் என்று. அந்தக் கணக்குதான்.

ஆனால் இந்தச் சம்பவத்தில் ஒரு விஷயத்தை யாராலும் மாற்ற முடியவில்லை. அந்தச் சமயத்தில் பிரெட்டைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் பேசப் போனபோது பிரெட் உடம்பில் மைக் ஒளித்துவைத்திருந்தார். முதலாளி கொடுத்த வாக்கு ஒலிப்பதிவாகவே 1998-ல் வெளிவந்த படத்தில் இருக்கிறது. ஆயிரம் பேட்டிகள் வந்தாலும் அந்த ஒலிநாடா அப்படியே இருக்கும்.

சரி, இவ்வளவு பொய்யும் மறதியும் இருக்கிறதே, எல்லாவற்றையும் டூப்பு என்று ஒதுக்கிவிட்டால் நிம்மதிதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன்.

1999 மே 23. கன்சாஸ் சிட்டி. பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருவதுபோல் ஒரு காட்சி. பாதுகாப்புக் கொக்கி விடுபட்டது. கீழே விழுந்து இறந்தார். வீட்டில் பணம் கட்டி டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல, உண்மையாகவே நடந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் உயிர் போயிருக்கிறது. அது நாடகம் அல்ல என்று சத்தியம் செய்ய வேண்டிய நிலை. புலி வருது, புலி வருது என்று கத்திய சிறுவனின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்தக் கதையில் கடைசியில் புலி வந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

பாட்காஸ்ட் பேட்டியிலும் அப்படி ஒரு சம்பவம் உண்டு. 2014 ஜனவரியில் சி.எம். பங்க் என்ற வீரர் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். அந்த நவம்பரில் நண்பர் கோல்ட் கபானாவின் பாட்காஸ்ட்டில் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசினார். தன் முதுகில் இருந்த கட்டி கிருமித் தொற்று என்பதை நிறுவனத்தின் மருத்துவர் கண்டுகொள்ளவில்லை, உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும் என்பது அவர் குற்றச்சாட்டு. பணிநீக்கக் கடிதம் தன் கல்யாண நாளன்று வந்தது என்றும் சொன்னார். சில நாளிலேயே மெக்மஹோன் வேறொரு பாட்காஸ்ட்டில், ஸ்டீவ் ஆஸ்டினின் நிகழ்ச்சியில், கடிதம் அந்த நாளில் போனது தற்செயல் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதாவது, கதையில் ஒரு பகுதியை எதிர்த்தரப்பே உறுதிசெய்துவிட்டது.

மருத்துவர் சும்மா இருக்கவில்லை. 2015-ல் பங்க் மீதும் கபானா மீதும் அவதூறு வழக்குப் போட்டார். சிகாகோ நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2018 ஜூனில் ஜூரி இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பேட்டியில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று நிரூபணமாகிவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. அவதூறு என்று நிரூபணமாகவில்லை, அவ்வளவே. ஆனாலும், "மல்யுத்தக்காரன் பேச்சு" என்று காற்றில் விட்டுவிடாமல், இரண்டு தரப்பும் சத்தியப் பிரமாணம் எடுத்துப் பதில் சொன்ன அபூர்வமான பேட்டி அது. பின்கதையும் கேளுங்கள்: வழக்குச் செலவு விஷயத்தில் நண்பர்கள் இருவரும் ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போட்டு, 2019-ல் சமரசம் ஆனார்கள். 2023 நவம்பரில் பங்க் அதே நிறுவனத்துக்கே திரும்பினார். ஒரு மாலை நேரத்துப் பேச்சுக்கு எவ்வளவு விலை பாருங்கள்.

ஆகவே, நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். விசாரிப்போம். நான் வைத்துக்கொண்டிருக்கும் கேள்விகள் நான்கு.

முதலாவது: சரிபார்க்கக்கூடியதாக ஏதாவது இருக்கிறதா? தேதி, ஊர், எண். இருந்தால் முதலில் அதைத் தட்டிப் பாருங்கள். நானூறு நாள் கதை அங்கேயே உடைந்துவிடும்.

இரண்டாவது: சொல்பவர் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா? பேட்டிகளில் "அன்றைக்கு அறையில்" என்று தொடங்கும் பல கதைகளில் சொல்பவர் அந்த அறையில் இருந்திருக்கவே மாட்டார்.

மூன்றாவது: இந்தக் கதையால் யாருக்கு லாபம்? சொல்பவரே எப்போதும் கதாநாயகன் என்றால் நிதானியுங்கள். மைக்கேல்ஸ் மாதிரி, தனக்குக் கெட்ட பேர் வரும் விஷயத்தை ஒருவர் தானாக ஒப்புக்கொண்டால், அதற்கு எடை கொஞ்சம் அதிகம். அப்போதும், நியூ ஜெர்சியில் நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது எதற்காக என்பதை மறக்காதீர்கள்.

நான்காவது, என்னைப் பொறுத்தவரை முக்கியமானது: யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவரால் பதில் சொல்ல முடியுமா? இறந்தவரைப் பற்றி, நொடிந்துபோனவரைப் பற்றி, பெயர் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றி வரும் கதைகள் பாட்காஸ்ட்டுகளில் நிறைய. சிரிப்பும் கைத்தட்டலும் சொல்பவருக்கு. களங்கம் மட்டும் எதிர்ப் பக்கத்துக்கு.

பேட்டி எடுப்பவர்களிலும் இதைப் புரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2016-ல் புரூஸ் பிரிச்சர்டுடன் ஒரு பாட்காஸ்ட் தொடங்கிய கான்ராட் தாம்சன் ஒரு நல்ல வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒரு வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி அல்லது ஒரு வீரர் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்துச் செய்திமடலில் என்ன எழுதியிருந்தார்கள் என்று வாசித்துக் காட்டி, "நீங்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறதே?" என்று கேட்பார். விருந்தாளி கோபப்படுவார், மழுப்புவார், சில சமயம் "ஆமாம், அதுதான் சரி" என்பார். கேட்கும் நமக்கு மூன்றுமே பயன்தான். தலையாட்டிக்கொண்டே இருக்கும் பேட்டியைவிட இது எவ்வளவோ மேல்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முப்பது வினாடித் துண்டைப் பிள்ளை காட்டினால், "எல்லாம் பொய்டா" என்று முடித்துவிடாதீர்கள். முழுப் பேட்டியைத் தேடச் சொல்லுங்கள். எந்த வருடம் நடந்தது, அங்கே வேறு யார் இருந்தார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். மல்யுத்தம் இதற்கு நல்ல பயிற்சிக்களம். ஏனென்றால் இங்கே தவறாக முடிவெடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. அதே பழக்கம் வந்துவிட்டால், ஒரு மருந்தைப் பற்றி, ஒரு பள்ளியைப் பற்றி, பக்கத்து பிளாக்கில் குடியிருப்பவரைப் பற்றி நம் குழுவில் நள்ளிரவில் வரும் குரல்பதிவையும் அப்படியே விசாரிப்பார்கள். அதைப் பத்துப் பேருக்கு அனுப்புவதற்கு முன்னால் நாமும் அந்த நாலாவது கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: சம்பந்தப்பட்டவர் இந்தக் குழுவில் இருக்கிறாரா, பதில் சொல்ல அவருக்கு வழி இருக்கிறதா?

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பழைய ட்ரம்ப் கார்டு யாராவது பத்திரமாக வைத்திருந்தால், அடுத்த சந்திப்புக்கு எடுத்துவாருங்கள். ஆந்த்ரேயின் எடை எவ்வளவு போட்டிருக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.